நேரில் பார்த்தவர் கெங்கம்மா

தண்ணீர் லாரி காலை எட்டு மணிக்கு வரும் என்று செங்கொடி அனுப்பிய குறுஞ்செய்தியை நம்பி, 2004 கோடையில் காலடிப்பேட்டையில் அறுபது பெண்கள் குடத்தோடு நின்றார்கள். லாரி வரவில்லை. மதியம் அந்த அறுபது குடங்களும் திருவொற்றியூரில் செங்கொடி வேலை பார்த்த ‘வடகடல் செய்தி’ வார இதழின் அலுவலக வாசலுக்கு வந்து சேர்ந்தன.

“இன்னாம்மா, நக்கலா? லாரி வருதுன்னு உன்கிட்ட யாரு சொன்னது?” என்றார் முன்னால் நின்ற பெண்.

“தண்ணி டிப்போல சொன்னாங்க.”

“சொன்னவன் லாரியக் கண்ணால பாத்தானா?”

செங்கொடியின் பதில் அடுத்த வாரம் போன குறுஞ்செய்தியில் இருந்தது. ‘தண்ணி லாரி பேட்டை முனையில் நிற்கிறது. நேரில் பார்த்தவர்: டில்லிபாபு, ஷேர் ஆட்டோ.’ டில்லிபாபுவைத் தெரியாதவர் அந்தத் தெருவில் கிடையாது. அன்று குடங்கள் நிரம்பின. நேரில் பார்த்தவர் பெயர் இல்லாமல் எந்தச் செய்தியும் போகாது என்பது அன்றிலிருந்து செங்கொடியின் சட்டம்.

வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்தவர் அவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்; சங்கக் கொடி ஏற்றிவிட்டு வீடு திரும்பிய நாளில் பிறந்த மகளுக்கு வேறு பெயர் யோசிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும் முடித்துவிட்டு ‘வடகடல் செய்தி’யில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருடத்தில் நிருபர், பிழை திருத்துபவர், விளம்பரம் வாங்குபவர் எல்லாம் அவரே ஆகிவிட்டார். முதலாளி அய்யாத்துரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். யானைக்கவுனியில் மளிகை மொத்த வியாபாரம். பத்திரிகை அவருடைய ஆசை. எட்டுப் பக்கம், ஞாயிறு தோறும் வீட்டு வாசலில் இலவசம்.

அந்த ஞாயிறுதான் செங்கொடிக்கு உறுத்தியது. இந்தப் பக்கத்து மக்களுக்கு வேண்டிய செய்தி எது? லாரி எங்கே நிற்கிறது, கரண்ட் எப்போது வரும், கன்டெய்னர் வண்டிகள் எந்த ரோட்டை அடைத்திருக்கின்றன.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் லாரி நிக்குமா அண்ணாச்சி?” என்று கேட்டுக் கேட்டே அய்யாத்துரையை ஒரு செல்போன் வாங்க வைத்தார். அதைக் கேபிளில் கணினியோடு இணைத்து, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, வாசகர்களுக்கு அனுப்பினார். பட்டியலில் முதல் நாற்பது எண்களை மட்டும் அவரே தெருத்தெருவாக அலைந்து சேர்த்தார். டீக்கடை, இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்டு, மாவு மில் என்று நாலு பேர் கூடும் இடங்கள் அவை. செய்தி வந்ததும் அங்கே ஒருவர் உரக்கப் படிப்பார். செல்போன் இல்லாதவருக்கும், ஆங்கில எழுத்து தெரியாதவருக்கும் அது போதும்.

2005 செப்டம்பரில் ஒரு புடவைக் கடை தீபாவளி விளம்பரத்தோடு வந்தது. அவர்களுக்கு வேண்டியது பத்திரிகை அல்ல, குறுஞ்செய்தியின் வால்.

“மொத்தமே நூத்தி அறுபது எழுத்து. அதுல பாத்தவன் பேரு, தொழிலுன்னு பாதி போயிருது,” என்றார் அய்யாத்துரை. “பேர எடுத்துருவோம்மா.”

“பேர எடுத்தா எவன் நம்புவான்?”

“நம்ம பேப்பர் பேரு இருக்குல்லா? சனத்துக்குத் தெரியாதா?”

“பேப்பரா அண்ணாச்சி லாரியப் போய்ப் பாத்துச்சு?”

அய்யாத்துரை சிரித்தார்; ஆனால் விடவில்லை. “தீவாளி வரைக்கும் பாப்போம். பேரு எங்கேன்னு சனம் கேட்டா திருப்பிப் போடுதேன். ஒருத்தரும் கேக்கலைன்னா அதோட விட்ரணும். சரியா?”

மூன்று வாரம் பெயர் இல்லாமல் போனது. ஒருவரும் கேட்கவில்லை. செங்கொடி தினமும் செல்போனைப் பார்த்தார். தன் சட்டம் தனக்கு மட்டும்தான் முக்கியமோ என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது.

அக்டோபர் நடுவில் ஒரு காலை, பத்தரை மணி. எண்ணூர் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சைரன் ஊதியது. நின்றது. மறுபடி ஊதியது. ஐந்து நிமிடத்தில் அலுவலக வாசலில் ஆட்கள் ஓடினார்கள். “கேஸ் லீக்காம்! ஓடு!” சுனாமி வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. ஓடு என்றால் ஏன் என்று கேட்காமல் ஓடப் பழகியிருந்தது கரையோரம்.

செங்கொடி ஓடவில்லை. கெங்கம்மாவைச் செல்போனில் கூப்பிட்டார். முகத்துவாரக்குப்பத்துக்காரரான கெங்கம்மா, சைரன் ஊதிய அதே தொழிற்சாலையின் வாசலில் தினமும் மீன் விற்பவர்.

“அக்கா, எங்க கீற?”

“எங்க கீறேன்னா? கூடையாண்டதான் குந்தினு கீறேன். மீனு வாங்க வந்த கும்பல்லாம் ஓடிப்பூட்ச்சு. பேஜாரு!”

“கேஸ் வருதுன்றாங்களே?”

“புது சைரன் மாட்டிக்கீறானுங்கடி. ஊதி ஊதிப் பாக்குறானுங்க. வாட்ச்மேன் என் எதுருக்க குந்தினு இட்லி துன்னுகினு கீறான். கேஸ் வந்தா மொதல்ல ஓடுறவன் அவன்தானே?”

செங்கொடி தொழிற்சாலை அலுவலகத்துக்கும் போன் போட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு அவசரத்தில், மூன்று வாரப் பழக்கத்தில், கை தானாக அடித்து அனுப்பியது: ‘கேஸ் கசிவு இல்லை. சைரன் சோதனை மட்டுமே. பயப்பட வேண்டாம். தீபாவளிப் புடவைகளுக்கு வாருங்கள்.’

இரண்டாவது நிமிடம் அலுவலக மேஜை போன் அடித்தது. சௌக்கத் அலி. விம்கோ நகர் ரயில்வே கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருப்பவர்; கடைப் போனிலிருந்து பேசினார். பட்டியலின் முதல் நாற்பதில் ஒருவர். அவர் குரலுக்குப் பின்னால் கூட்டம் இரைந்தது.

“தங்கச்சி, இன்னா மெசேஜு இது? கேஸ் இல்லியாம், பொடவ வாங்கணுமாம்னு சிரிக்கிறானுங்க. யாரு பாத்ததுன்னு கேக்குறானுங்க, நான் இன்னா சொல்றது? கேட்டு மூடிக்கீது. கூட்ஸ் வண்டி குறுக்கால நிக்குது. குழந்தைங்களத் தூக்கினு வேகன் அடியில பூந்து போறாங்க. வண்டி எட்த்தான்னா தீந்துது!”

செங்கொடி உடனே கெங்கம்மாவே பேசுவதுபோல் அடித்தார். ‘கேஸ் இல்ல. புது சைரன் ஊதிப் பாக்கறாங்க. நான் கம்பெனி வாசல்லதான் மீன் விக்கிறேன். வாட்ச்மேன் எதிர்ல இட்லி தின்றான். நேரில் பார்த்தவர்: கெங்கம்மா, மீன் கூடை.’ புடவைக்கு இடம் இல்லை.

போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். சௌக்கத் அலி பெஞ்சு மேல் ஏறி நின்று தன் செல்போனுக்கு வந்ததைக் கத்திப் படிப்பது கேட்டது. “கெங்கம்மா” என்றதும் இரைச்சலில் ஒரு ஓட்டை விழுந்தது.

“மெய்யாலுமா? கெங்கம்மாவா அங்க கீது?” ஒரு பெண் குரல்.

“நேத்து மீனு தெருமுனைல வந்தாலே அதுக்கு மூக்குல ஏறும். கேஸ் வந்தா தெரியாதா?” இன்னொரு குரல். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது.

“ஏய், வெளிய வா! கெங்கம்மா அங்கதான் குந்தினு கீதாம்! புள்ளய இப்டிக் குடு, இப்டிக் குடு!”

பிறகு கூட்ஸ் வண்டியின் நீண்ட ஊதல். சங்கிலி இழுபடும் சத்தம், ஒவ்வொரு வேகனாக. கடைசி வேகனின் தடதடப்பும் தேய்ந்த பிறகு சௌக்கத் அலியின் குரல் வந்தது.

“தங்கச்சி, அடியில ஒர்த்தரும் இல்ல. எல்லாரும் வெளியதான் கீறாங்க.” பிறகு, “இரு, இங்க ஒருத்தர் போனக் குடுங்குறாரு.”

“ஏம்மா, நான்தான்,” என்றார் அய்யாத்துரை. மணலியில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பியவர், ஸ்கூட்டரோடு கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். “மொத மெசேஜ நம்ம பேப்பரு பேரச் சொல்லித்தான் படிச்சாரு. ஒருத்தன் திரும்பலியே! நானே அந்தப் பேப்பரு மொதலாளின்னு கத்துதேன், யாரு நீன்னு கேக்கானுவ. அந்தம்மா பேரச் சொன்னதும்தான் நின்னானுவ.”

அவருக்குப் பின்னால் ரயில்வே கேட் திறக்கும் சத்தம் செங்கொடிக்குக் கேட்டது.

“பேரு எங்கேன்னு சனம் கேட்டுட்டுல்லா? இனி எடுக்கப்படாது. பொடவக்காரரு கிட்ட நான் பேசிக்கிடுதேன். இப்ப இன்னொண்ணு அனுப்பு.”

“இன்னான்னு?”

“கேட்டு தொறந்தாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போவலாம்னு போடு. கீழ…” என்று தயங்கினார். “பாத்தவன் நான்தானே?”

செங்கொடி அடித்தார். ‘விம்கோ நகர் கேட் திறந்தாச்சு. கூட்டம் கலைந்து வீடு திரும்புகிறது. நேரில் பார்த்தவர்: அய்யாத்துரை, ஸ்கூட்டர்.’

புடவைக் கடை விளம்பரம் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்குப் போனது. அந்த மாத முடிவுக்குள் பட்டியலில் வாசகர்கள் இரண்டு மடங்கானார்கள். சேர வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒன்றைத்தான்: நானும் ஏதாவது பார்த்தால் என் பேரைப் போடுவீர்களா?

சைரன் ஊதிய மறுநாள் காலை கெங்கம்மா அலுவலகத்துக்கே வந்திருந்தார். கூடை காலி.

“இன்னாக்கா, அதுக்குள்ள வித்துப்பூட்ச்சா?”

“வித்துப்பூட்ச்சாவா? ரோட்டுல போறவன்லாம் நின்னு, நீதானே அந்த கெங்கம்மான்னு கேட்டுக் கேட்டு வாங்கினு போறான்.” காலிக் கூடையைச் செங்கொடியின் மேஜை மேலேயே வைத்தார். “நாளிக்கி வஞ்சிரம் வருது. அதையும் போட்டு வுடு. நேர்ல பாத்தது நான்தான்.”