இடப்பக்கத்து மூடி

பட்டறையில் அவரை எல்லோரும் ‘வெர்னியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அளவுகோல் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. படகு ஏற்றும் டிரெய்லர்களின் சக்கர வேலை அவருடையது. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் வாயில் ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்றை அடித்து இறக்குவார்கள். கிரீஸ் உள்ளேயே இருக்கும், தண்ணீர் போகாது, பேரிங் பிழைக்கும். மூடி சின்னதாக இருந்தால் வழியில் கழன்று விழும், பெரிதாக இருந்தால் ஹப் விரிசல் விடும். பழைய மூடியைக் கொண்டுவந்து “இதே மாதிரி குடுங்க” என்று நிற்பவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அது நசுங்கிக் கெடக்குய்யா. ஹப்போட வாய அளந்தாத்தான் தெரியும்” என்பார். மூன்று இடத்தில் அளந்து சீட்டில் எழுதுவார். முப்பது வருஷத்தில் ஒரு சீட்டு தப்பியதில்லை. சீட்டைப் பார்த்து மூடி வாங்கி அடிப்பது கூடப்பிறந்த தம்பியின் வேலை.

அப்படிப்பட்டவர் தலையில்தான் இடி விழுந்தது. இவர்கள் மூடி போட்டுக் கொடுத்த ஒரு படகுக்காரரின் டிரெய்லரில் வலப்பக்க மூடி கழன்று, பேரிங்கில் தண்ணீர் ஏறி, நடுரோட்டில் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. மனுஷன் பட்டறைக்கு வந்து கத்து கத்தென்று கத்தினார். தம்பி அண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “கோவிச்சுக்காதீங்க சார், அண்ணனுக்கு இப்பல்லாம் கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்றான்.

தனக்காகப் பரிந்து பேசுகிறான் என்று வெர்னியர் உருகிப்போனார். “தப்பு என்னோடதுதான்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து தம்பியே அளந்தான். அண்ணன் கிரீஸ் துடைத்தார். வீட்டில் சோப்பு டப்பாவைக்கூட அளந்து பார்த்துவிட்டு, கண் சரியாகத்தானே சொல்கிறது என்று குழம்பினார்.

பட்டறைக்கு இழுத்து வந்த அந்த டிரெய்லரில் வலப்பக்கத்துப் பேரிங்கைத் தம்பியே மாற்றினான். “இடப்பக்கம் நல்லாத்தான் இருக்கு, தொடாத” என்றான், இரண்டு தடவை. ஒரு தடவையோடு விட்டிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார்.

தம்பி சாப்பிடப் போன நேரம் பார்த்து அந்த மூடியைத் தட்டிக் கழற்றினார். கூடவே ஒரு தகட்டுத் துண்டு வந்தது. குளிர்பான டின்னில் வெட்டியது. ஹப்பின் வாய் ஐம்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர், அவர் சீட்டில் எழுதியது அதேதான். மூடிதான் அரை மில்லிமீட்டர் சின்னது. தகட்டைச் சுற்றி இறுக்கியிருக்கிறான், படுபாவி.

திரும்பி வந்தவனிடம் இரண்டையும் நீட்டினார். அவன் மழுப்பக்கூட இல்லை.

“சரியான அளவு வர ரெண்டு நாளாகும்னாங்க. அந்தாளு அன்னைக்கே வேணும்னு நின்னான். ஒப்பேத்திட்டேன்.”

“அப்ப என் கண்ணு?”

“நீதான் ஒத்துக்கிட்டியேண்ணா. இப்பப் போயி எதுக்குக் கெளறுற?”

படகுக்காரர் திட்டியதைத் தாங்கியவருக்கு, தோளில் விழுந்த அந்தக் கையை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. அங்கேயே படகுக்காரருக்குப் போன் போட்டார்.

“சார், இடப்பக்க மூடியும் தப்பு. நான் அளந்தது சரிதான், போட்டதுதான் வேற...”

“ஐயா, மறுபடியும் உங்க அளவா?” என்றது போன். “வேணாம் சாமி. போனை உங்க தம்பிகிட்டக் குடுங்க.”

தம்பி அதற்குள் கையை நீட்டியிருந்தான்.