எதிர்ப்பக்கம் சுற்றிய மோட்டார்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இறைக்கிற மாடுகளை விற்று, லிங்கராஜபுரத்துக் கோஸ் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கினேன். கரண்ட் கொடுக்க வந்த இன்ஸ்பெக்டர் பளபளக்கும் பூட்ஸ் போட்டிருந்தார். பேசும்போது ஆளைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தையே பார்ப்பார்.

மோட்டார் சுற்றியது, தண்ணீர் வரவில்லை.

“கிணறு வத்திப்போச்சுய்யா,” என்றார்.

“நிறைய இருக்குது சாமி, எட்டிப் பாருங்க.”

“மோட்டார் சுத்துதில்ல? என் வேலை அவ்ளோதான்.”

போய்விட்டார். பத்து நாளில் நாற்றெல்லாம் கருகியது. பிறகு மாவு மில்காரர் வந்து, “எதிர்ப்பக்கம் சுத்துதேப்பா!” என்று இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டினார். தண்ணீர் கொட்டியது.

பூட்ஸ்கூட நனையாமல் கிணற்றை எட்டிப் பார்க்க அவருக்கு என்ன கேடு? “நில்லுய்யா” என்று அன்று நான் ஏன் கத்தவில்லை? இன்னும் வயிறு எரிகிறது.

9 மார்ச் 1941, ஞாயிறு.