பங்காளியா, மச்சானா?

போன ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலம் போயிருந்தேன். என் மச்சான் மகள் கயல்விழிக்கு நிச்சயம் பேசத் திருவரங்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பையனும் பெண்ணும் இரண்டு வருடமாகப் பழகியவர்கள். அப்புறம் பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? பெரியவர்களுக்கு இருக்குமே...

கேசரி வந்தது. காபி வந்தது. கூடவே அந்தக் கேள்வியும் வந்தது.

"ஒங்களுக்குக் குலசாமி எதுங்க?"

மச்சான் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்களுக்கும் அதே சாமிதாங்க. அப்ப பங்காளியில்ல? அண்ணன் தங்கச்சி மொறை வருதே, எப்புடிக் கட்டுறது?"

கயல்விழியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அவள் மொழியியலில் பிஎச்.டி செய்கிறவள் — இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று நானே கிண்டலடித்திருக்கிறேன்.

"மாமா, துருக்கி மொழிகளுக்கும் மங்கோலிய மொழிகளுக்கும் இதே வழக்குத்தான் ஓடுது" என்றாள் அந்தப் பெரியப்பாவைப் பார்த்து. மாமாவாம்! எப்படி முறை வைக்கிறாள் பாருங்கள்.

"ரெண்டு பேரும் வானத்தைச் சாமியாக் கும்புட்டவங்க. சாமி பேரும் கிட்டத்தட்ட ஒண்ணு. தங்கத்துக்கு அங்கிட்டு துருக்கியில அல்தின், இங்கிட்டு மங்கோலியாவுல அல்தான். அதனால ரெண்டு மொழியும் அண்ணன் தம்பின்னே ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளா எழுதுனாங்க."

"அப்ப பங்காளிதானம்மா?"

"ஒண்ணு ரெண்டு மூணு எண்ணச் சொன்னா தெரிஞ்சுரும் மாமா. அங்கிட்டு பிர், இகி, உச். இங்கிட்டு நெக், ஹொயர், குரவ். ஒட்டவே இல்ல. பக்கத்துலயே வாழ்ந்து, சொல்லையும் சாமியையும் குடுத்து வாங்கிக்கிட்டவங்கன்னு இப்பப் பல பேரு சொல்றாங்க. சாமி ஒண்ணுங்கிறதுக்காக ரத்தமும் ஒண்ணாயிருமா?"

பெரியப்பா யோசித்தார். மச்சானிடம் திரும்பினார்.

"ஒங்க அப்பா பேரு என்னங்க?"

"காளிமுத்துங்க."

"கொஞ்சம் இருங்க... எங்க அய்யா எறந்தப்ப கீரமங்கலத்துலேருந்து காளிமுத்துன்னு ஒருத்தரு கோடி கொண்டாந்தாரு."

கோடி என்றால் இறந்தவருக்குப் போர்த்தும் புதுத்துணி. அதைக் கொண்டுவருவது மாமன் மச்சான் வகையறா. பங்காளி வீட்டில் தீட்டுத்தான் காப்பார்கள்.

"பங்காளி எதுக்குக் கோடி கொண்டாறான்? நீங்க மாமன் மச்சான்தாங்க. தட்டை எடுங்க" என்றார். கயல்விழி அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

தட்டு மாற்றியதும் பெரியப்பா அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த மங்கோலியாக்காரன் துருக்கிக்காரன் வீட்டுக்குக் கோடி கொண்டு போனானா இல்லையா?"

"அதை யாரும் இன்னும் விசாரிக்கல மாமா."

விசாரிக்காமல் என்னதான் ஆராய்ச்சி செய்கிறார்களோ... லைப்ரரியிலேயே உட்கார்ந்திருந்தால் எப்படி? நாலு எழவு வீட்டுக்கும் போய் வர வேண்டாமா?