டிஸ்க்குக்குத் தைத்த உறை

ஐந்து மாதம் நான் தலைக்கு எண்ணெய் தடவவில்லை, பூ வைக்கவில்லை, முகத்துக்குப் பவுடர் பூசவில்லை. ஏதோ விரதம் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். விரதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எல்லாம் ஒரு டிஸ்க்குக்காக.

எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஓர் ஆலையில் கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் எடுத்தார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தேன். இன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற ஹார்ட் டிஸ்க், அன்று இடுப்பு உயரப் பெட்டி. உள்ளே இட்லித் தட்டு அடுக்கியதுபோல் வட்டத் தட்டுகள் சுழன்றுகொண்டே இருக்கும்.

ஆறு மாதம் புரொபேஷன். ஆடியில் சேர்ந்தேன், மார்கழியோடு முடிகிறது. அப்பா பொள்ளாச்சியில் தேங்காய் மண்டிக்காரர் ஒருவரை மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருந்தார். "வேலை நெலைக்கலைன்னா தையில கண்ணாலம், அம்மிணி. பொறகு ஒண்ணும் பேசப்படாது" என்றார். மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது.

என் புரொபேஷன் தாளில் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். டிஸ்க்கைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். "கொழந்தே, ஒரு தூசி போறும், எல்லாம் போயிடும். தட்டுக்கும் அதைப் படிக்கற முனைக்கும் நடுவில தலைமயிர் அளவு எடங்கூட கெடையாது, கேட்டியோ?" என்பார். செருப்பு வெளியே. பூ வெளியே. முறுக்கு, டீ எல்லாம் வெளியே. அவர் நெற்றியில் மட்டும் மூன்று பட்டை விபூதி, காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்கும். அது தூசிக் கணக்கில் வராதுபோல!

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியது. எங்கள் பக்கம் அந்தக் காற்று வந்தால் சோற்றிலேயே செம்மண் கடிபடும். அதிகாரி ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டினார். அதுவும் போதாமல் ஒருநாள் காலையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார்.

அந்தக் காலத்தில் ரேடியோ வாங்கிய வீட்டில் முதல் வேலை அதற்கு உறை தைப்பதுதான். பாட்டுக் கேட்கையில் முன்துணியைத் தூக்கிவிட்டுக் கேட்போம். அவர் மனைவி டிஸ்க் பெட்டிக்கே அப்படி ஓர் உறை தைத்திருந்தார். கெட்டித் துணி, தரை வரைக்கும் கொசுவம், நான்கு பக்கமும் பச்சைக் கிளி. ஒரு மூலையில் சிவப்பு நூலில் கணவர் பெயரின் முதலெழுத்துகள். சும்மா சொல்லக்கூடாது, அழகான கைவேலை.

இரண்டாம் நாள் பெட்டியைத் தொட்டேன். கொதித்தது.

"ஏனுங்க சார், காத்துப் போற வழியெல்லாம் அடைஞ்சு கெடக்குதுங்க. சூடாவுதுங்க."

"வெளியில பாரு, எப்படிக் குளிர்ந்த காத்து அடிக்கறது. அதுக்கும் இதமா இருக்கட்டும்" என்றார்.

இதமாமே! பெட்டிக்கு என்ன, ஜலதோஷமா பிடிக்கும்? வாய் வரை வந்ததை விழுங்கினேன். தாள் அவர் மேஜை டிராயரில் அல்லவா இருந்தது. அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் மத்தியானம் பெட்டி கிறீச்சிட்டது. தட்டில் முனை உரசி, மூன்று வார வேலை பாழ்.

மெட்ராஸிலிருந்து எஞ்சினியர் வந்தார். காற்று வடிகட்டியைப் பிடுங்கிக் காட்டினார். பச்சை நூலும் பஞ்சுமாகத் திரண்டிருந்தது. சூட்டிலும் இந்தப் பஞ்சிலும்தான் போயிற்று என்றார். உறையை இரண்டு விரலால் தூக்கி, "இதை யார் போட்டது?" என்று கேட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "புதுப் பொண்ணு. சொன்னாக் கேக்கறதே இல்லை. பூ வெச்சுக்காதேன்னு எத்தனை தரம் சொல்லியாச்சு" என்றார்.

பூவாம்! வறண்டு பரட்டையாகிக் கிடந்த என் தலையை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலை போனால் போகட்டும் என்று எஞ்சினியர் கையிலிருந்த உறையை வாங்கினேன். உதறி, நான்காக மடித்தேன். சிவப்பெழுத்து மூலை மேலே வரும்படி வைத்து அதிகாரியிடம் நீட்டினேன்.

"உங்க ஊட்டுக்காரம்மா கண்ணு நோவத் தெச்சதுங்க, சார். பத்திரமா ஊட்டுக்குக் கொண்டு போங்க."

எஞ்சினியர் எழுத்தைப் படித்தார். அதிகாரியின் சட்டைப் பையில் மாட்டியிருந்த பெயர் அட்டையையும் படித்தார். வடிகட்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை என் தாள் கையெழுத்தாகி மேஜைமேல் இருந்தது. அதிகாரி அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. தையில் கல்யாணம் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

மறுநாள் பஸ் இறங்கியதும் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் அறை வாசல் வரை அப்படியே நடந்தேன். அங்கே செருப்பைக் கழற்றினேன். பூவையும் எடுத்துச் செருப்புக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.