லேபிள் அக்கா தின்ற பழங்கள்

பேரீச்சம்பழத்தை டப்பாவில் அடைக்கும் கூடத்தில் அவளை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருடமாக ஒரே மேசை, ஒரே ஸ்டூல். நிரப்பிய டப்பா வரும். மூடியில் சிவப்பு லேபிளை வைத்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. 'தினமும் சாப்பிடுங்கள், ரத்தம் ஊறும்' என்று அதில் அச்சடித்திருக்கும். ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை கண்ணில் பட்டால் எதுதான் சத்தியமாகத் தோன்றாது?

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பத்து நாள் ரத்தம் போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்த அளவு பத்தைத் தொட்டால்தான் ஆபரேஷன் என்று சொல்லி, டாக்டர் மூன்று மாதத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அது நாலே நாளில் குமட்டியது, வயிற்றைக் கல்லாக்கியது. மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு, டப்பாவுக்கு ஆகாத உடைந்த பழங்களைத் தின்ன ஆரம்பித்தாள். கூடத்தில் அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. தினமும் இருபது பழம். வயிறு லேசானது. பிறகென்ன, நம்பிக்கை வேர் பிடித்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்ததும் தங்கை அந்த வருடத்து லீவு அத்தனையும் சேர்த்து வைத்து, ஆபரேஷனுக்குப் பத்து நாள் துணைக்கு இருக்கப் பெட்டியோடு வந்து இறங்கினாள். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நர்ஸ் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தாள். "ஏழரை. மூணு மாசத்துக்கு முன்னாடியும் இதேதான். மாத்திரை போட்டீங்களா?"

"பேரீச்சம்பழம் சாப்பிட்டேம்மா. தினம் இருபது."

நர்சுக்குக் கோபம்கூட வரவில்லை. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துச் சலித்திருந்தாள்.

"நல்ல பழம்தான்க்கா. தெம்பு தரும், மலச்சிக்கல் வராது. ஆனா ஒரு மாத்திரையில இருக்கிற இரும்புக்குக் கிலோ கணக்குல தின்னணும். இப்போ சர்க்கரை வேற எல்லையில நிக்குது. ரெண்டு பழத்தோட நிறுத்துங்க, மாத்திரையை விடாதீங்க. ஒத்துக்கலன்னா வந்து சொல்லுங்க, வேற மாத்திக்கலாம். ஆபரேஷன் இன்னும் மூணு மாசம் கழிச்சுத்தான்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தங்கை மெதுவாகச் சொன்னாள். "எழுதிக் குடுத்த லீவைத் திருப்பித் தரமாட்டாங்க. இனிமே எனக்கு லீவு கிடையாதுக்கா."

"தெரியும்டி."

"பழமே போதும்னு உனக்கு யாருக்கா சொன்னது?"

லேபிள் அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பசை ஏறி ஏறிக் கறுத்துப் போன விரல். "யாரும் சொல்லல," என்றாள். "நானே ஒட்டி நானே நம்பிட்டேன்." சிரிக்கத்தான் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கினாள். அது தொண்டையில் நின்று கசந்தது. உடைந்த பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குள் முதல் டப்பா வந்துவிட்டது. 'ரத்தம் ஊறும்' என்று அதில் ஒட்டினாள்.