மணிக்கூடு பிடித்தவன்

அன்று பின்னேரம் கிண்ணியாத் துறையிலிருந்து திரும்பிய பாதையில் இருந்தவர்கள்: பாதைக்காரர் இருவர், சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய வியாபாரி ஒருவர், மடியில் பிள்ளையோடு ஒரு தாய், அளவை ஐயா, நான். ஓர் ஆடும் நின்றது. பாதை என்பது சனத்தையும் வண்டியையும் அக்கரை கொண்டுபோகும் தட்டைப் படகு. அப்போது பாலம் கிடையாது.

ஐயா கொழும்பிலிருந்து வந்தவர். புல்மோட்டையில் இருப்பது போன்ற கறுப்பு மண் எங்கள் குடாக் கரையிலும் இருக்கிறதா, அதிலிருந்து கதிர்வீச்சு எவ்வளவு வருகிறது என்று அளப்பது அவருடைய வேலை. ஒரு பெட்டி, அதிலிருந்து வயரில் நீளும் ஒரு குழாய். குழாயை மண்ணில் வைத்தால் பெட்டி டிக் டிக் என்று சத்தம் போடும். ஒரு நிமிடத்தில் எத்தனை சத்தம் என்பதுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை, நாளுக்கு மூன்று ரூபாவுக்குப் பெட்டி தூக்க எடுத்திருந்தார்.

முதல் நாள் நகரத்தில் அளந்தபோது நேரம் பார்த்தது ஐயாவின் கைமணிக்கூட்டில். இரண்டாம் நாள் துறையில் இறங்கும்போது அவர் கால் வழுக்கி உப்புத் தண்ணீருக்குள் விழுந்தார். மணிக்கூடு நின்றுவிட்டது.

“ஐயா, என்னட்டை ஒண்டு இருக்கு” என்றேன்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஒரு கிளாக்கரிடம் வாங்கியது. பெரிய விநாடி முள். அன்றிலிருந்து நேரம் பிடிப்பது என் வேலையாயிற்று. எனக்கு எதிலும் பயம். ஒரு விநாடி பிந்திச் சொன்னாலும் கணக்குப் பிழைத்துவிடும், வேலை போய்விடும் என்று, குழாயோடு ஒட்டிக் கையை வைத்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு முள்ளையே பார்த்திருப்பேன். ஐயாவுக்கு என்னில் நல்ல திருப்தி.

ஒன்பதாம் நாள்தான் அந்தப் பாதைப் பயணம். மடியில் பிள்ளை வைத்திருந்த தாய் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க, ஐயா அதைப் போட்டுக் காட்டினார்.

“தண்ணிக்கு மேலே சத்தம் குறையும். கேளுங்கோ அம்மா.”

டிக். கொஞ்சம் பொறுத்து டிக். பொழுது படுவதற்குள் கரை சேருவோமா என்று நான் குனிந்து மணி பார்த்தேன். சூடான சட்டியில் கடுகு போட்டதுபோல் பெட்டி வெடித்தது. அந்தத் தாய் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மூடினாள்.

ஐயா நிமிர்ந்தார். “நீர் அங்கால போம்.”

போனேன். சத்தம் குறைந்தது.

“இஞ்ச வாரும்.”

வந்தேன். வெடித்தது. மீன் வியாபாரி சிரித்தார். “என்ன தம்பி, பகலைக்கு என்னத்தத் திண்டாய்?” வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. பாதைக்காரர்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். என் உடம்பு பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

“ஐயா, எனக்கென்ன வருத்தம்?”

“கையைக் காட்டும். மணிக்கூட்டைக் கழற்றும்.”

கழற்றினேன். அதைக் கொண்டுபோய் ஆட்டின் பக்கத்தில் வைத்தார். நான் பெட்டியோடு நின்றேன். டிக். கொஞ்சம் பொறுத்து டிக்.

ஐயா மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். இருட்டில் எண்கள் மினுங்குவதற்காக ரேடியம் பூசியிருக்கிறார்கள் என்றார். பெட்டி எதைத் தேடுகிறதோ, அதே சாதிப் பொருள். எட்டு நாளும் நாங்கள் அளந்தது மண்ணை மட்டுமல்ல, என் கையையும் சேர்த்து.

பிறகு அவர் சொன்ன ஒரு சொல்லில்தான் நான் பலகையில் அப்படியே குந்திவிட்டேன்.

“அந்த வீடு.”

நான்கு நாளைக்கு முன் கரையோரத்தில் ஒரு மீன்பிடிக்காரர், அண்ணன் என்ற முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், எங்களைத் தம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள் என்று புதிதாக ஓர் அறை கட்டி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கரையிலிருந்து கறுப்பு மண்ணைத் தாமே சுமந்து தரை போட்டிருந்தார். மகளையும் பிறந்திருந்த பிள்ளையையும் குசினிப் பக்கம் அனுப்பிவிட்டு, “இதையும் ஒருக்கா பாருங்க” என்றார். அறையில் யன்னல் இல்லை. முள் தெரியவில்லை என்று ஐயா சொல்ல, நான் பெருமையோடு மணிக்கூட்டைக் குழாயின் மேலேயே வைத்துப் பிடித்தேன். பச்சையாக மினுங்கிற்று. மூன்று தரம் அளந்தோம். கரை முழுவதிலும் கூடிய எண் அந்த அறையில்தான் வந்தது.

“பிள்ளையை இந்த நிலத்தில கிடத்தாதேங்கோ” என்று ஐயா சொன்னார். காக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, “என்ட கையாலதானே அள்ளிப் போட்டன்” என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாதையில் ஐயா தலையில் கையை வைத்தார். “அண்டைக்கு மினுங்கினதை நான் கண்டனான். படிச்ச நான், கண்டும் யோசிக்கேல்லை.”

அடுத்த நாள் விடிந்ததும் போனோம். வீடே தெரியாதபடி முற்றத்தில் கறுப்பு மண் குவியல். அறை இடுப்பளவுக்குத் தோண்டிக் கிடந்தது. வண்டிலில் கொண்டுவந்த செம்மண்ணைக் காக்கா உள்ளே கொட்டிக்கொண்டிருந்தார். மகளையும் பிள்ளையையும் மூதூருக்கு மருமகன் வீட்டுக்குத் தோணியில் அனுப்பிவிட்டாராம். வண்டிலுக்கும் கூலிக்கும் மகளின் காதுப்பூவை எழுபத்தைந்து ரூபாவுக்கு அடகு வைத்திருந்தார்.

நான்தான் சொன்னேன். ஐயா சொல்லத் தொடங்கியபோது என் வாய் பொறுக்கவில்லை. “காக்கா, பிழை மண்ணில இல்லை. என்ட மணிக்கூட்டில.”

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். “கொழும்புப் பெட்டிக்கு என்ட ஊட்டு மண்ணும் இவன்ட மணிக்கூடும் ஒண்டுதானா?”

ஐயா குனிந்து குவியலிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

“இன்னொருக்கா பாருங்க. எனக்கு முன்னால பாருங்க.”

முற்றத்துக் குவியலில் குழாயை வைத்தோம். நான் மணிக்கூட்டோடு தூரத்துத் தென்னையடிக்குப் போய், அங்கிருந்து கையைத் தூக்கினேன். நிமிடம் முடிந்ததும் இறக்கினேன். மூன்று தரம். நகரத்து மண்ணைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார் ஐயா.

“அப்ப என்ட மண் நல்ல மண்ணா?”

“ஓம்.”

“நல்ல மண்தானே?”

“ஓம் காக்கா.”

காக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குவியலின் மேலேயே இருந்தார். அழுதாரா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை, பார்க்க ஏலவில்லை.

செலவைக் கொடுக்க அலுவலகத்தில் வழியில்லை என்றார் ஐயா. நான் தருகிறேன் என்றேன். காக்கா கையை வீசினார். “தாறதெண்டா தா. நான் கேட்டு வரமாட்டன். நீ சொல்லாமலும் இருந்திருக்கலாம்.”

எட்டு நாள் வேலையையும் முதலிலிருந்து செய்தோம். ஐயா புது மணிக்கூடு வாங்கினார். என்னை நிறுத்தவில்லை. சம்பளநாளில் ஐந்து ஐந்தாக ஒன்பது முறை காக்காவின் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த அறையை எட்டிப் பார்ப்பேன். செம்மண் தரை, நல்லாய் மெழுகியிருந்தது. ஆனால் மகள் திரும்பி வரவில்லை. பிழை மணிக்கூட்டில் என்று எத்தனை முறை சொல்லியனுப்பியும், பெட்டி ஒருக்கா கத்தின வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன் என்றாளாம்.

வேலை முடிந்தபின் சில மாதம் என் கையில் காசில்லை. துறைமுகத்தில் கூலிக்குச் சேர்ந்து, பத்தாவது முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. மகளோடு இருக்க மூதூருக்கே போய்விட்டார்கள் என்றார்கள். மூதூரில் இரண்டு முறை தேடினேன், காணவில்லை. அந்தக் காதுப்பூ மீண்டதா, ஏலத்தில் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னும் கொடுக்கவேண்டியது முப்பது ரூபா.