பாண்டிமீனா துடைக்க மறுத்த புள்ளிகள்

பாண்டிமீனாவை அந்த அச்சகத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. அவளைப் பற்றி எழுத அது ஒரு தடை என்று நான் நினைக்கவில்லை.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் சங்கரபாண்டியன் போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். நோயாளி பராமரிப்பில் பயிற்சி எடுத்து இருபத்தாறு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். காலண்டர் சீசன் என்பதால் அவர் படுக்கையையே ஆபீஸாக்கிவிட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெட்பேன், இந்தப் பக்கம் ப்ரூஃப் தாள்கள்.

தாள்களைக் கொண்டுவருபவள் பாண்டிமீனா. வயது நாற்பத்தாறு. தாயில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பத்தாவது முடித்ததும் இங்கே பைண்டிங்கில் தாள் அடுக்கச் சேர்ந்தவள். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்றே வேலையைப் படித்துக்கொண்டாள். ஸ்கேன் செய்த படத்தில் உள்ள தூசு, கறை, புள்ளிகளை நீக்கும் பிரிவுக்கு இப்போது அவள்தான் தலைமை. முதல் நாள், தாளைத் தலையணையில் வைக்காதே என்று சொன்னேன்.

"பீச்சட்டி தூக்குறவுக ப்ரூஃபப் பத்திப் பேசாதீக" என்றாள்.

பீச்சட்டி தூக்குவது உண்மைதான். தாளை நானே எடுத்து மேசைமேல் வைத்தேன்.

ஹாலந்திலிருந்து ஒரு காலண்டர் ஆர்டர் வந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பழைய காலத்தில் வரைந்த அபூர்வமான கடல் வரைபடங்கள், மாதத்துக்கு ஒன்று. அக்டோபர் பக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து மன்னார் வரை. சங்கரபாண்டியன் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, கடல் பூரா கொசு செத்துக் கெடக்கு?"

"கொசு இல்ல முதலாளி. புள்ளி போட்ட எடமெல்லாம் மணல்திட்டு. நம்பரு, தண்ணி எத்தன பாகம் ஆளம்னு; ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம்."

"காலண்டர வச்சு எவன் கப்பல் ஓட்டப் போறான்? தொடச்சு விடு. நீலமாப் பளிச்சுனு இருக்கணும்."

"தொடைக்க மாட்டேன்."

பக்கத்தில் நின்ற மருமகன் சபரிநாதன்தான் மேனேஜர். இவள் இப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்து, வேறொரு ஆளை வைத்து முன்தினமே சுத்தம் செய்து வைத்திருந்தார். அந்தத் தாளை எடுத்துக் கட்டிலில் போட்டார். கடலில் ஒன்றுமே இல்லை; துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி இருந்தது.

"கையெழுத்துப் போடு. பிளேட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

ப்ரூஃபில் யார் கையெழுத்து இருக்கிறதோ, தப்பு வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து இல்லாமல் அச்சடிக்கும் பிளேட் போட மாட்டார்கள். நான் கொடுக்காத மாத்திரைக்கு நான் டிக் அடிப்பதில்லை. எனவே அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது.

"தொடச்சது யாரோ, அவுக போடட்டும்" என்றாள் பாண்டிமீனா. "ஆர்டரோட வந்த குறிப்ப ரெண்டு பேருல ஒருத்தராவது படிச்சீகளா? நானூறு வருசத்துக்கு முந்தி அந்த ஊருக் கப்பல் கம்பெனில கெரிட்ஸ்னு ஒருத்தரு படம் வரைஞ்சிருக்காரு. திரும்பி வர்ற கப்பல்காரன் தன் நோட்ட அவருகிட்ட குடுக்கணும். அதப் பாத்துப் பாத்துப் படத்தத் திருத்துவாரு. அவருக்குப் பெறகு பிளாவ்னு ஒருத்தரு. ஈயக்குண்டு கட்டின கயித்த எறக்கி அளந்த நம்பரு இது. ஒவ்வொண்ணுக்கும் எவனோ ஒருத்தன் கயிறு பிடிச்சிருக்கான்."

"அவன் செத்து நானூறு வருசமாச்சு. அவனுக்கு நீ என்ன வக்கீலா?" என்றார் சங்கரபாண்டியன்.

"எங்கம்மா வேலுத்தாய் பட்டாசுக்கு மருந்து அடைச்ச ரூம்புல, வாசச் செவத்துல உள்ள 'நாலு பேரு'தான் இருக்கலாம்னு எளுதியிருந்துச்சு. ஆயுத பூசைக்கு வெள்ளையடிச்சாக. செவரு பளிச்சுனு ஆயிருச்சு. நம்பரத் திரும்ப எளுதல. ஒம்பது பேர உள்ள உக்கார வச்சாக. வெடிச்சிருச்சு."

அந்தத் தாய் அதன் பிறகு பதினோரு வருடம் உயிரோடு இருந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன். வேலைக்குப் போகுமுன் பாண்டிமீனாதான் சோறூட்டுவாளாம். வெடியில் கருகிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். விவரம் கேட்கவில்லை.

"அழுது காட்டி வேல செய்யாமத் தப்பிக்கப் பாக்குறியா?" என்றார் சங்கரபாண்டியன்.

"யாரு அழுதா? கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

"கையெழுத்துப் போடலன்னா நாளைக்கு வராத."

"சரி. நீங்க போடுங்க முதலாளி. ஒடைஞ்சது இடுப்புத்தான, கை நல்லாத்தான இருக்கு?"

பேனா மேசைமேல்தான் இருந்தது. நான் எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மருமகனைப் பார்த்தார்.

"மாமா, இப்பத் தொடைக்கச் சொன்னது நீங்கதான" என்றார் சபரிநாதன்.

"நீதாம்லே பளிச்சுனு தாரேன்னு அந்த ஹாலந்துக்காரங்கிட்ட எளுதிக் குடுத்த!"

மாமனாரும் மருமகனும் கால் மணி நேரம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். சுத்தமான தாளில் கையெழுத்துப் போட இரண்டு பேரும் தயாரில்லை. பாண்டிமீனா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, புள்ளிகள் உள்ள தாளில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். மெஷின் சும்மா நிற்கிறது என்று இரண்டு தடவை போன் வந்துவிட்டது. சங்கரபாண்டியன் அந்தத் தாளை அவள் காலடியில் வீசினார்.

"இதையே அடிச்சுத் தொல. திங்கக்கிழமலருந்து நீ கம்ப்யூட்டர் பக்கம் வரக் கூடாது. பழையபடி பைண்டிங்குல போயித் தாள் அடுக்கு."

அவள் குனிந்து தாளை எடுத்துத் தூசு தட்டினாள்.

"அடுக்குறேன். அம்புட்டு ஷீட்டும் என் கை வழியாத்தான வரும்? நடுவுல ஒரு புள்ளியத் தொடச்சிருந்தீகன்னாலும் அங்கனயே கிளிச்சுப் போட்டிருவேன்."

அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று எழுபது. மாத்திரை கொடுத்து, கொடுத்ததாக எழுதிவைத்தேன். வாசல்வரை போனவளிடம் நல்லது செய்தாய் என்று சொல்லலாமென்று நினைத்தேன்.

"என்ன பாக்குறீக? அந்தாளு வேட்டி நனைஞ்சிருக்கு, போயி மாத்துங்க" என்றாள்.

நனைந்துதான் இருந்தது. மாற்றினேன்.